எந்த பைபிள் சாஃப்ட்வேர் வாங்கலாம், அண்ணே?

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்களுக்கு முக்கால் மணி நேரம் வேதபாட வகுப்பு உண்டு. இத்தனை வருடமாக அதை எடுத்துக்கொண்டிருந்தது நான். இனி ஒரு தம்பி எடுக்கப் போகிறார். போன வாரம் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"அண்ணே, கிளாஸ் எடுக்க எந்த பைபிள் சாஃப்ட்வேர் வாங்கலாம்? காசு கொடுத்து வாங்கணுமா, சும்மா கிடைக்கிறதே போதுமா?"

"டீ ஆறுறதுக்குள்ள சொல்ற பதில் இல்ல தம்பி. எழுதித் தர்றேன்" என்றேன். எழுத உட்கார்ந்தால் கை 13ஆம் நூற்றாண்டுக்குப் போய்விட்டது. புனேயில் மட்டுமல்ல, பரோடாவிலும் பிலாயிலும் டெல்லியிலும் இதே மாதிரி தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிற பலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் இங்கேயே போடுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளவும்.

பைபிள் சாஃப்ட்வேர் என்பது அடிப்படையில் ஒரு கன்கார்டன்ஸ். ஒரு சொல் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியல். மற்றதெல்லாம், அதாவது வரைபடம், விளக்கவுரை, கலர் கலராகக் கோடு போடுவது, எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. அந்தப் பட்டியலை முதன்முதலில் பெரிய அளவில் செய்தவர்கள் பாரிஸில் இருந்த டொமினிக்கன் துறவிகள். ஊகோ என்ற துறவியின் தலைமையில் 1230களில் லத்தீன் பைபிளுக்கு அதைச் செய்தார்கள். ஐநூறு துறவிகள் உட்கார்ந்து செய்தார்கள் என்று பரம்பரையாகச் சொல்வார்கள். எண்ணிக்கை எப்படியோ, வேலை பெரிய வேலைதான்.

அவர்களுக்கு ஒரு சிக்கல். 'இந்தச் சொல் இங்கே இருக்கிறது' என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த 'இங்கே'க்கு ஒரு விலாசம் வேண்டும். அதிகாரப் பிரிவு அப்போதுதான் வந்திருந்தது. பின்னாளில் கேன்டர்பரி பேராயரான ஸ்டீபன் லாங்டன் செய்தது என்பார்கள். வசன எண் கிடையாது. அதனால் ஒவ்வொரு அதிகாரத்தையும் உத்தேசமாக ஏழு துண்டாக்கி, முதல் ஏழு எழுத்துகளை வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் 'தெருக்கோடியில் வேப்பமரத்துக்குப் பக்கத்து வீடு' என்று விலாசம் சொல்வது போல.

நாம் இன்று பயன்படுத்தும் வசன எண்ணைப் புதிய ஏற்பாட்டுக்குப் போட்டவர் ராபர் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர். பாரிஸில் தொல்லை தாங்காமல் ஜெனீவாவுக்குப் போய், 1551ல் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் போட்டார். பாரிஸிலிருந்து லியோனுக்குப் பயணம் போகும் வழியிலேயே பிரித்தார் என்று அவர் மகன் எழுதி வைத்திருக்கிறார். குதிரை குலுங்கிய இடத்திலெல்லாம் கோடு விழுந்துவிட்டது என்று கேலி செய்பவர்கள் உண்டு. சில வசனங்கள் வாக்கியத்தின் நடுவில் முறிவதைப் பார்த்தால் கேலியில் உண்மை இருக்குமோ என்று தோன்றும்.

ஆனால் அந்த எண் செய்த உபகாரம் சாதாரணமில்லை. யோவான் 21:15 என்றால் கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் மராத்தியிலும் அதே இடம். மொழி தெரியாதவனும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். சாஃப்ட்வேரில் நான்கு மொழி பைபிளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால் அத்தனையும் ஒன்றாக நகர்கிறதே, அதற்குக் காரணம் கணினியின் புத்திசாலித்தனம் அல்ல. எஸ்தியேன் வசதி செய்து கொடுத்த விலாசம்தான்.

ஆங்கிலத்தில் பெரிய கன்கார்டன்ஸ் 1737ல் வந்தது. செய்தவர் அலெக்சாண்டர் குரூடன், லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர், தனி ஆள். புத்தகத்தை ராணி கரோலினுக்குக் காணிக்கையாகக் கொடுத்து ஆதரவு கிடைக்கும் என்று காத்திருந்தார். அதே மாதத்தில் ராணி இறந்துவிட்டார். கடையை மூட வேண்டி வந்தது, மனநலம் கெட்டது, அடுத்த வருடமே ஒரு காப்பகத்தில் அடைத்தார்கள். அதற்குப் பிறகு பல பதிப்பு கண்டு இருநூறு வருடத்துக்கு மேல் பிரசங்கிகள் மேஜையில் இருந்த புத்தகம் அது.

அடுத்தவர்தான் நமக்கு முக்கியம். ஜேம்ஸ் ஸ்ட்ராங், அமெரிக்காவில் ட்ரூ இறையியல் கல்லூரிப் பேராசிரியர். நூறு பேருக்கு மேல் உதவியாளர்கள், சுமார் முப்பத்தைந்து வருட உழைப்பு, 1890ல் வெளியீடு. கிங் ஜேம்ஸ் பைபிளின் எல்லாச் சொல்லையும் பட்டியலிட்டதோடு நிறுத்தாமல், அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் எபிரெய, கிரேக்க மூலச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். எபிரெயத்துக்கு 8674 வரை, கிரேக்கத்துக்கு 5624 வரை. (கிரேக்கத்தில் 2717ம், 3203 முதல் 3302 வரையும் காலி. எண் போடுவதில் விட்டுப்போனது. இன்று எந்த சாஃப்ட்வேரில் தேடினாலும் அந்த நூற்றொரு எண்கள் காலியாகவே இருக்கும். பழைய பிழையையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்!)

கிரேக்கத்தில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத ஒருவர், எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மூலச் சொல்லைத் தொட்டுவிட முடியும் என்று ஆனது. நல்லதும் கெட்டதும் இரண்டுமே அங்கே ஆரம்பம். கெட்டதைக் கடைசியில் சொல்கிறேன்.

கணினி வந்தது இதற்கப்புறம்தான். ஜான் எலிசன் என்ற அமெரிக்கப் போதகர் யூனிவாக் இயந்திரத்தை வைத்து ஆர்.எஸ்.வி. மொழிபெயர்ப்புக்கு முழுக் கன்கார்டன்ஸ் செய்தார், 1957ல் அச்சில் வந்தது. ஸ்ட்ராங்கின் காலம் முப்பத்தைந்து வருடம், எலிசனுக்கு அதில் சின்னப் பங்குதான் ஆயிற்று. ஆனால் எலிசனின் புத்தகத்தில் மூலமொழி கிடையாது. ஆங்கிலச் சொல்லை இயந்திரம் எண்ணிக் கொடுத்துவிடும். அதற்குப் பின்னால் என்ன கிரேக்கச் சொல் என்று அதற்குத் தெரியாது, மனிதன் உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. அந்த வேலையை 1970களின் நடுவில் இண்டியானாவில் ஓர் இறையியல் கல்லூரியில் ஆரம்பித்தார்கள். கிராம்கார்டு என்று பெயர். கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் வேற்றுமை, காலம், எண் என்று இலக்கணம் குறித்து வைத்தார்கள். இன்று ஒரு சொல்லின் மேல் மவுஸை வைத்தால் குட்டிக் கட்டம் திறந்து இலக்கணம் சொல்கிறதல்லவா, அதன் பூர்வீகம் இந்த மாதிரி ஆட்களின் கண்வலி.

வீட்டுக் கணினிக்கு வந்தது 1980களின் தொடக்கத்தில். ஆப்பிள் 2 ஃப்ளாப்பியில் 140 கிலோபைட்தான் பிடிக்கும், ஆங்கில பைபிளோ நான்கு மெகாபைட்டுக்கு மேல். சுருக்கிச் சுருக்கித் திணித்தார்கள். 80களின் கடைசியில் கனடாவின் லாரி பியர்ஸ் ஆன்லைன் பைபிளை விட்டார், ஆள் மாற்றி ஆள் காப்பி எடுத்துப் பரவியது. 1992ல் லோகோஸ், பைபிள்வொர்க்ஸ் இரண்டும். 1994ல் மேக் கணினிக்கு அக்கார்டன்ஸ். சும்மா கிடைப்பதில் 2000ல் ரிக் மேயர்ஸ் வெளியிட்ட இ-ஸ்வோர்ட், பிறகு தி வேர்ட், திறந்த மூலநிரலில் கிராஸ்வயர் குழுவின் ஸ்வோர்ட். 2008ல் யூவெர்ஷன் கைபேசிக்கு வந்தது. அதன் பிறகு பைபிள் பையில் வராமல் பாக்கெட்டில் வருகிறது.

சரி, இதில் தமிழ் எங்கே?

தமிழுக்குப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகத்தில் 1714-15லேயே அச்சாகிவிட்டது. இந்திய மொழிகளில் முதலாவது. அப்புறம் பப்ரிசியுஸ், இரேனியுஸ். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் உதவியோடு பெர்சிவல் செய்தது 1850ல். பிறகு ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து செய்து 1871ல் முழு வேதாகமமாக வந்ததுதான் நம் வீட்டில் அம்மா கையில் கறுப்பு அட்டையோடு இருக்கும் பைபிள். காப்புரிமைக் காலமெல்லாம் தாண்டிவிட்டதால் இலவச சாஃப்ட்வேரில் 'தமிழ்' என்று இறக்கினால் பெரும்பாலும் கிடைப்பதும் அதுதான். 1995ல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் தமிழ் இன்றைக்குப் பக்கத்தில் இருக்கும், ஆனால் உரிமை உள்ள நூல். வாங்கும் சாஃப்ட்வேரில் அது இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பப்ரிசியுஸ் காலத்தில் 'பராபரன்', 1871ல் 'தேவன்', திருவிவிலியத்தில் 'கடவுள்'. பழையதில் போய்க் 'கடவுள்' என்று தேடிவிட்டு சாஃப்ட்வேர் சரியில்லை என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு.

தேடல்தான் தமிழில் பெரிய தலைவலி. ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் அப்படியேதான் நிற்கும். தமிழில் வேற்றுமையும் சந்தியும் ஏறி உருமாறிவிடும். 'தேவன்' என்று தட்டினால் 'தேவனை', 'தேவனுக்கு', 'தேவனுடைய' எதுவும் வராது. காரணம் சின்னது. யுனிகோடில் 'ன்' என்பது ன, அதன் பின்னால் ஒரு புள்ளி, ஆக இரண்டு குறி. 'தேவனை'யில் அந்தப் புள்ளி இல்லை. கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு 'தேவன' என்று பகுதிச் சொல்லாகத் தேடினால் எல்லாம் வந்து விழும். 'வீடு' வேண்டுமென்றால் 'வீட' என்று தேடவும், 'வீட்டில்' உட்பட வரும். ஆனால் மரத்தைத் தேட 'மர' என்று கொடுத்தால் மரம், மரணம், மரியாள் மூன்றும் ஒரே கூடையில் வரும். சிரிக்காதீர்கள், ஒரு பாடத்துக்கு நான் இப்படி ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன்.

இதற்கு நான் கண்டுபிடித்த குறுக்குவழி ஸ்ட்ராங் எண்தான். எண் ஒட்டிய ஆங்கில பைபிளில் மூலச் சொல்லைத் தேடுவேன். வசனப் பட்டியல் வரும். அதே பட்டியலைப் பக்கத்துக் கட்டத்தில் தமிழில் படிப்பேன். தமிழ்ச் சொல் எந்த உருவம் எடுத்திருந்தாலும் தப்பிக்க முடியாது. அமெரிக்கப் பேராசிரியரின் எண், பிரெஞ்சு அச்சுக்காரரின் வசனப் பிரிவு, பவர் ஐயரின் தமிழ், மூன்றும் ஒரு திரையில் சேர்ந்தால் நமக்கு ஒரு தமிழ்க் கன்கார்டன்ஸ். தமிழை மனதில் வைத்து எழுதப்படாத சாஃப்ட்வேரும் தமிழனுக்கு இப்படித்தான் பயன்படுகிறது.

அதனால் தம்பிக்கு முதல் சோதனை: எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் தமிழையும் எபிரெயத்தையும் பக்கத்தில் வைத்து மல்கியா 4ஆம் அதிகாரத்தைத் திறக்கவும். எபிரெயத்தில் மல்கியாவுக்கு மூன்றே அதிகாரம், நம் 4:1 அங்கே 3:19. சங்கீதம் 51லும் பார்க்கவும். எபிரெயத்தில் தலைப்பும் வசனக் கணக்கில் சேர்வதால் நம் முதல் வசனம் அங்கே மூன்றாவது. இந்த இரண்டு இடத்திலும் சரியாகப் பொருத்திக் காட்டினால் செய்தவர்கள் வேலை தெரிந்தவர்கள். கட்டம் காலியாக நின்றாலோ வேறு வசனத்தைக் காட்டினாலோ பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் சொந்தக் கதை. 2003லிருந்து ஒன்பது வருடம் நான் எடுத்த வகுப்புக் குறிப்புகளை ஒரு சாஃப்ட்வேருக்குள்ளேயே எழுதி வந்தேன். பெயர் வேண்டாம். வசனத்தைத் தொட்டால் என் குறிப்பு பக்கத்தில் திறக்கும், அத்தனை சௌகரியம். எக்ஸ்பி கணினியில் தமிழ் தெரியவே சிடி போட்டு மொழி வசதியை ஏற்ற வேண்டியிருந்த காலம். அதற்கு முந்தைய பழக்கத்தில் பாதிக் குறிப்புகளை யுனிகோடு இல்லாத ஒரு எழுத்துருவில் தட்டியிருந்தேன். 2012ல் கணினி போனது. புதிய கணினியில் அந்த சாஃப்ட்வேர் ஏறவில்லை. குறிப்புக் கோப்பு அதன் சொந்த வடிவத்தில் பூட்டிக்கிடந்தது. ஒரு நண்பர் பாடுபட்டு உடைத்து எடுத்துக் கொடுத்ததில் பாதி கேள்விக்குறிகள், மீதி ஆங்கில எழுத்துக் குப்பை. ஒன்பது வருடத்தில் என்னிடம் இன்று இருப்பது, வகுப்புக்கு வராத ஒரு பாட்டியம்மாவுக்குக் கொடுப்பதற்காக என் மனைவி அவ்வப்போது அச்செடுத்துக் கொடுத்த அறுபது சொச்சம் தாள்கள். பாட்டியம்மா காலமான பிறகு அவர் பைபிளுக்குள் மடித்து வைத்திருந்ததை மகன் கொண்டுவந்து தந்தார்.

சின்ன நிரல்களுக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். இறையியல் கல்லூரிகளில் கொடிகட்டிப் பறந்த பைபிள்வொர்க்ஸ் 2018 ஜூனில் கடையை மூடியது. வேர்ட்சர்ச் 2020ல் லோகோஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. லோகோஸே 2024ல் சந்தா முறையை முன்னால் கொண்டுவந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை, வியாபாரம் என்றால் அப்படித்தான். துறவிகளின் பட்டியலை இன்றும் நூலகத்தில் திறக்கலாம், நான் 2003ல் எழுதியதைத் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். குறிப்பை சாஃப்ட்வேருக்கு வெளியே, சாதாரண யுனிகோடு கோப்பில், தலைப்பில் வசன எண்ணைப் போட்டு எழுதுங்கள். உள்ளே எழுதுவதென்றால் மொத்தமாக வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா என்று முதல் நாளே எடுத்துப் பாருங்கள்.

இப்போது அந்தக் கெட்டது. யோவான் 21ல் உயிர்த்த இயேசு பேதுருவிடம் மூன்று தரம் கேட்கிறார். கிங் ஜேம்ஸ் ஆங்கிலத்தில் கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே சொல். கிரேக்கத்தில் இரண்டு சொல், ஸ்ட்ராங் எண் 25 (அகபாவோ), 5368 (ஃபிலெயோ). முதல் இரண்டு கேள்வியில் 25, பேதுருவின் பதிலெல்லாம் 5368, மூன்றாவது கேள்வியில் இயேசுவும் 5368க்கு வருகிறார். நம் 1871 தமிழ் இதைப் பிடித்து வைத்திருக்கிறது! 'அன்பாயிருக்கிறாயா' என்று கேள்வி, 'நேசிக்கிறேன்' என்று பதில், மூன்றாம் முறை 'நேசிக்கிறாயா'. இதை முதலில் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு வகுப்பில் 'அகபே என்றால் தெய்வீக அன்பு, ஃபிலெயோ என்றால் வெறும் சிநேகம், பேதுருவால் அந்த உயரத்துக்கு வர முடியவில்லை, இயேசு இறங்கி வந்தார்' என்று முழங்கினேன். ரொம்பப் பேர் கைகொடுத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து அதே எண்களை யோவான் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். பிதா குமாரனிடத்தில் கொண்ட அன்புக்கு 3:35ல் 25, 5:20ல் 5368. பிதாவின் அன்பு இரண்டு அதிகாரத்தில் தரம் இறங்கிவிட்டதா என்ன? செப்டுவஜின்ட் என்கிற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 2 சாமுவேல் 13ஐப் பார்த்தால் நெஞ்சு அடைத்தது. அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுக்கும் அந்த அதிகாரத்தில், அவனுடைய 'அன்பு'க்கும் அதே அகபே. யோவான் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றி ஒரே பொருளில்தான் எழுதுகிறார் என்று கருதும் அறிஞர்கள் நிறையப் பேர். சொல்லின் மேல் முழு இறையியலையும் ஏற்றிவைப்பதை ஜேம்ஸ் பார் 1961லேயே ஒரு புத்தகம் எழுதிக் கண்டித்திருக்கிறார். எண்ணைத் தட்டினால் அகராதி ஒரு வரி அர்த்தம் சொல்கிறது. அந்த ஒரு வரியோடு எழுந்து வகுப்புக்குப் போனால் நான் செய்ததுதான் நடக்கும். எல்லா இடத்தையும் காட்டு என்று கேட்கும் வசதியும் அதே திரையில்தான் இருக்கிறது, இன்னும் ஒரு சொடுக்கு.

வகுப்பில் நான் திருத்திச் சொன்னபோது கைகொடுத்தவர்களில் இரண்டு பேருக்கு வருத்தம். ஓர் அக்கா மட்டும் "அதனால என்ன தம்பி, மூணு தரம் மறுதலிச்சவன்கிட்ட மூணு தரம் கேட்டாரு, அது போதாதா?" என்றார்கள். அதற்கு எந்த எண்ணும் வேண்டியிருக்கவில்லை.

ஆக தம்பி, விண்டோஸ் என்றால் இ-ஸ்வோர்டோ தி வேர்டோ போட்டு, எண் ஒட்டிய ஆங்கிலம், 1871 தமிழ், கிரேக்கம், செப்டுவஜின்ட் நான்கையும் ஏற்றி ஒரு வருடம் ஓட்டுங்கள். எது போதவில்லை என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். அப்போது காசு கொடுத்து வாங்குங்கள், மொத்தக் கட்டாக அல்ல, வேண்டிய புத்தகத்தை மட்டும். திரையில் போட்டுக் காட்டும்போது தமிழோடு ஆங்கிலமும் பக்கத்தில் இருக்கட்டும். பின்வரிசையில் உட்காரும் நம் பிள்ளைகள் தமிழ் கேட்டால் புரிந்துகொள்வார்கள், வாசிக்க வராது. அவர்களும் அதே வசனத்தில் விரல் வைக்கலாம்.

அந்த அறுபது தாள்களை இந்த வாரம் யுனிகோடில் தட்டிக்கொண்டிருக்கிறேன். யோவான் 21 பாடமும் அதில் இருக்கிறது, பழைய முழக்கத்தோடு. ஓரத்தில் பாட்டியம்மா பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.